கனியின் மூச்சும் கண்ணாடித் தாளும்

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் ஒருநாள், முன்னர் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் என் இல்லம் தேடி வந்தார். கொடைக்கானல் மலைப்பகுதியில் ஓர் ஏக்கருக்கும் குறைந்த நிலத்தில் ஸ்ட்ராபெரிப் பழம் பயிரிட்டு வாழ்பவர் அவர். கையில் கொணர்ந்த அட்டைப் பெட்டியைத் திறந்து என் முன் வைத்தார். உள்ளே பளபளக்கும் பாலிதீன் உறைகள். ஒவ்வோர் உறையிலும் கால் கிலோ பழம். நிறம் சிவப்பாகவே இருந்தது. ஆயினும் உறைகளின் உட்புறம் முழுதும் நீர்த்துளிகள் படிந்திருந்தன. பழங்கள் குழைந்து, அடியில் செந்நீர் தேங்கியிருந்தது. ஓர் உறையைப் பிரித்தேன்; கள்ளின் நெடி வீசியது.

“ஐயா, காற்றுப் புகாமல் கட்டினால் பழம் கெடாது என்று எண்ணி, ஒவ்வோர் உறையின் வாயையும் சூடு வைத்து ஒட்டினேன். மதுரைக் கடைக்காரர் சுமை முழுவதையும் மறுநாளே திருப்பிவிட்டார். என் அண்டைத் தோட்டக்காரர் திறந்த கூடையில் அனுப்பிய பழமாவது பாதி விலை போயிற்று. காசு கொடுத்து வாங்கிய தாளே என் பழத்தைக் கெடுத்துவிட்டது. நான் செய்த பிழை என்ன?” என்று கேட்டார்.

அவர் இழந்தது பழம் மட்டுமன்று. மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென்று அவர் நம்பியிருந்த தொகை அச்சுமையில் இருந்தது. அறிவியல் ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றிய நான், அன்று அவர் வினாவிற்கு அரைகுறையாகவே விடை கூற முடிந்தது. அதன் பின்னர் நூல்களைப் படித்தும், அறிந்தோரைக் கேட்டும், சிறு கணக்குகள் போட்டுப் பார்த்தும் நான் தெளிந்தவற்றை இங்கே கூற விரும்புகிறேன். பழம் விளைவிப்போர்க்கும் விற்போர்க்கும் மட்டுமன்றி, வாங்கி வீட்டில் வைத்து உண்போர்க்கும் இவை பயன்படக்கூடும்.

அவருடைய பிழைக்கு வேர், நம்மில் பலரும் கொண்டுள்ள ஒரு தவறான எண்ணமே. செடியினின்று பறித்த கணத்திலேயே கனியின் உயிர் முடிந்துவிட்டது என்று நாம் கருதுகிறோம். உப்பையும் சர்க்கரையையும் போல அதனையும் மூடி வைத்தால் போதும் என்று எண்ணிவிடுகிறோம். உண்மை அதுவன்று. பறித்த கனி உயிருள்ள பொருள்; அது மூச்சு விடுகிறது. செடியிலிருந்த காலத்தில் தான் சேர்த்து வைத்த சர்க்கரையையும் அமிலங்களையும் சிறிது சிறிதாகச் செலவிட்டு, காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, கரியமிலவாயுவையும் நீரையும் வெப்பத்தையும் வெளியிடுகிறது. புதிய வரவு இல்லை. செலவு மட்டும் உண்டு. கையிருப்புத் தீருமளவும் அது வாழ்கிறது.

இவ்வுண்மை இன்று நேற்றுக் கண்டறியப்பட்டதன்று. பிரான்சு நாட்டு வேதியியல் அறிஞர் பெரார் என்பவர் 1821-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிலேயே, பறித்த கனிகள் பிராணவாயுவை உட்கொண்டு கரியமிலவாயுவை வெளியிடுகின்றன என்றும், பிராணவாயு இல்லாத இடத்தில் அவை பழுப்பதில்லை என்றும் காட்டியுள்ளார்.

இதனை வீட்டிலேயே சோதித்தறியலாம். அகன்ற வாயுடைய கண்ணாடிச் சாடி ஒன்றில் சில கொய்யாப் பழங்களை இட்டு, அவற்றின் அருகே சிறு கிண்ணத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீரை வைத்து இறுக மூடுக. பழமில்லாத மற்றொரு சாடியிலும் அவ்வாறே சுண்ணாம்பு நீரை வைத்து மூடுக. மறுநாள் பார்த்தால், பழமுள்ள சாடியின் சுண்ணாம்பு நீர் பால்போல் வெளுத்திருக்கும். மற்றையது பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். நாம் வாயால் ஊதினால் சுண்ணாம்பு நீர் எக்காரணத்தால் வெளுக்கிறதோ, அதே காரணத்தால்தான் கனியின் அருகிலும் வெளுக்கிறது. இச்சோதனையை எத்தனையோ முறை வகுப்பில் செய்து காட்டிய நான், அதனைச் சந்தைக்குச் செல்லும் பழக்கூடையோடு இணைத்துப் பார்க்கக் கற்பிக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி, மென்கனிகளுக்குரிய இடர்கள் யாவை என்பதைப் பார்ப்போம். மென்கனி என்று நான் கூறுவது, தடித்த தோலோ ஓடோ இல்லாமல் சாறு நிறைந்து, சிறிது அழுத்தினாலும் நசுங்கும் பழங்களை. ஸ்ட்ராபெரி, ராஸ்ப்பெரி, திராட்சை, அத்தி, நாவல் முதலியன அவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றுள்ளும் ஸ்ட்ராபெரியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதனை நன்கு காக்கக் கற்றவர்க்கு ஏனையவை எளியவை.

முதல் இடர் மூச்சின் வேகம். குளிர்ந்த இடத்தில் கனி மெல்ல மூச்சு விடுகிறது. வெம்மை மிக மிக அதன் மூச்சும் விரைகிறது. ஒரு கிலோ ஸ்ட்ராபெரி, 0 டிகிரி செல்சியஸ் குளிரில் ஒரு மணி நேரத்தில் 6 முதல் 10 மில்லிலிட்டர் வரை கரியமிலவாயுவை வெளியிடும். அதே பழம் 10 டிகிரியில் 25 முதல் 50 மில்லிலிட்டரும், 20 டிகிரியில் 50 முதல் 100 மில்லிலிட்டரும் வெளியிடும். ஏறக்குறைய பத்து மடங்கு வேறுபாடு. மூச்சு விரைந்தால் கையிருப்பு விரைந்து தீரும். சுவையும் உறுதியும் விரைந்து குன்றும். ஆதலின் 0 டிகிரியில் ஒரு வாரம்வரை தாங்கும் பழம், 20 டிகிரியில் ஓரிரு நாளைக்கே தாங்குகிறது. நம் சமவெளியின் கோடைப் பகலில் ஒரு நாள் தாங்குவதும் அரிது.

இரண்டாவது இடர் நீரிழப்பு. ஸ்ட்ராபெரியின் எடையில் 100-க்கு 90 பங்கு நீரே. அதன் தோலோ மிக மெல்லியது. சுற்றியுள்ள காற்று உலர்ந்திருந்தால் அது பழத்தினின்று நீரை உறிஞ்சிக்கொள்ளும். எடையில் 100-க்கு ஐந்தாறு பங்கு குறைந்தாலே பழம் பளபளப்பிழந்து சுருங்கிவிடும். வாங்குவோர் கை வைக்கமாட்டார். எனவே காற்றின் ஈரப்பதம் 100-க்கு 90 முதல் 95 வரை இருத்தல் நன்று என்பது வல்லுநர் கருத்து.

மூன்றாவது இடர் பூஞ்சணம். ஸ்ட்ராபெரியின்மீது சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் படர்வது பொட்ரைட்டிஸ் என்னும் பூஞ்சணம். இது தோட்டத்தில் பூவாக இருக்கும் காலத்திலேயே உட்புகுந்து, பழம் முதிருமளவும் உறங்கிக் கிடக்கக்கூடியது. 0 டிகிரியிலும் இது முற்றும் ஓய்வதில்லை. மெல்ல வளர்ந்துகொண்டே இருக்கும். ரைசோபஸ் என்னும் மற்றொரு பூஞ்சணம் பழத்தைக் குழையச் செய்து, கரிய புள்ளிகளையுடைய மயிரிழைகளைப் பரப்பும். அது 5 டிகிரிக்குக் கீழே வளர்வதில்லை. இவ்விரண்டும் ஒரு பழத்தினின்று அடுத்த பழத்திற்குத் தாவுபவை. ஒரு கெட்ட பழம் கூடையையே கெடுக்கும் என்று நம் பெரியோர் சொல்லி வந்தது நேர்ப்பொருளிலேயே உண்மையாகும்.

இவ்விடர்களிடையே ஒரு முரண்பாடு உண்டு. நீரிழப்பைத் தடுக்க ஈரக்காற்று வேண்டும். ஆனால் பழத்தின்மேல் நீர்த்துளி படிந்தால் அதுவே பூஞ்சணத்திற்கு வாழ்வளிக்கும். காற்றில் ஈரம் வேண்டும், கனியின்மேல் ஈரம் கூடாது. உறையிடுவோர் எதிர்கொள்ளும் இடுக்கண் இதுவே.

மூன்று இடர்களுக்கும் பொதுவான மருந்து ஒன்று உண்டு. அது குளிர். குளிர் மூச்சைத் தணிக்கிறது, நீரிழப்பைக் குறைக்கிறது, பூஞ்சணத்தின் வளர்ச்சியை மட்டுப்படுத்துகிறது. ஆனால் குளிரூட்டுவதை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோம் என்பது, எவ்வளவு குளிரூட்டுகிறோம் என்பதைப் போலவே முதன்மையானது. பறித்த ஒரு மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும் என்பது ஸ்ட்ராபெரி வணிகத்தில் கைக்கொள்ளப்படும் விதி. பழங்களைக் குளிர் அறையில் அடுக்கி வைத்தல் மட்டும் போதாது. பெட்டிகளின் நடுவிலுள்ள பழம் குளிர்வதற்கு ஓர் இரவு முழுதும் ஆகலாம். பெட்டிகளின் பக்கங்களில் துளையிட்டு, அத்துளைகளின் ஊடே குளிர்ந்த காற்றை விசிறியால் இழுத்துச் செலுத்தினால், அதே வேலை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இத்துணையும் கூறிய பின்னர், உறையின் கதைக்கு வருவோம். கண்ணாடித் தாள் என்று நாம் வழங்கி வந்த செல்லோபேன், 1908-ஆம் ஆண்டில் பிராண்டன்பெர்கர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு வேதியியலாரால் கண்டறியப்பட்டது. அது மரக்கூழிலிருந்து செய்யப்படுவது; நீராவியை எளிதில் கடக்கவிடுவது. 1927-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில், மெல்லிய பூச்சு ஒன்றை அதன்மேல் தடவி நீராவி கடவாதவாறு செய்தனர். அதன் பின்னரே உணவுப் பண்டங்களைப் பொதிய அது பெரிதும் பயன்பட்டது. பாலிதீன் பிறந்ததோ 1933-ஆம் ஆண்டில், இங்கிலாந்து நாட்டு ஆராய்ச்சிச் சாலை ஒன்றில். எதிலீன் என்னும் வாயுவை மிகுந்த அழுத்தத்திற்கு உட்படுத்திய சோதனையில், எதிர்பாராத வகையில் மெழுகு போன்ற வெண்பொருள் ஒன்று கிடைத்தது. அதுவே பாலிதீன்.

இவ்விடத்தில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பாலிதீனுக்கு மூலப்பொருளான அந்த எதிலீன் வாயுவையே கனிகளும் மிகச் சிறிய அளவில் வெளியிடுகின்றன. பழுக்கும் ஆப்பிள் அதனை வெளியிடுகிறது என்பதை 1934-ஆம் ஆண்டில் கேன் என்னும் ஆங்கில அறிஞர் மெய்ப்பித்தார். மா, வாழை, கொய்யா, சப்போட்டா, அத்தி முதலியவை எதிலீன் தூண்டுதலால் பறித்த பின்னரும் பழுப்பவை. நம் பாட்டிமார் காயை வைக்கோலில் புதைத்துப் பழுக்க வைத்ததும், பழுத்த பழம் ஒன்றைக் காய்களோடு கூட்டி வைத்ததும் இவ்வாயுவைத் தேக்குவதற்காகவே ஆயின. ஸ்ட்ராபெரியும் திராட்சையும் அவ்வகையல்ல. பறித்த பின் அவற்றின் இனிப்பு ஏறுவதில்லை. ஆதலின் அவற்றை முதிர்வதற்கு முன்னர்ப் பறித்துக் காலத்தை நீட்டிக்கவும் இயலாது. இனித்த பின்பே பறிக்க வேண்டும்; பறித்த கணத்திலிருந்து காலம் நமக்கு எதிராக ஓடத் தொடங்கும்.

பாலிதீன் தாளை நாம் ஒரு சுவர் என்று எண்ணுகிறோம். ஆனால் வாயுக்களுக்கு அது சுவரன்று, ஒருவகைச் சல்லடை. நீராவியை அது பெரும்பாலும் தடுத்துவிடும். பிராணவாயுவை மெல்லக் கசியவிடும். கரியமிலவாயுவை அதனினும் மூன்று முதல் ஐந்து மடங்கு எளிதாகக் கடக்கவிடும். எனவே உயிருள்ள கனியை உறைக்குள் இட்டு மூடினால், உள்ளே ஒரு வாணிகம் நடக்கிறது. கனி பிராணவாயுவைச் செலவிடுகிறது. தாள் அதனை வெளியிலிருந்து உள்ளே விடுகிறது. கனி கரியமிலவாயுவைப் பெருக்குகிறது. தாள் அதனை வெளியே விடுகிறது. வரவும் செலவும் ஒத்து நிற்கும் நிலை ஒன்று சில மணி நேரத்திலோ சில நாளிலோ அமையும். அந்நிலையில், உள்ளிருக்கும் காற்று வெளிக்காற்றினும் பிராணவாயு குறைந்தும் கரியமிலவாயு மிகுந்தும் இருக்கும்.

இவ்வாறு மாறிய காற்று கனிக்கு நல்லதே. ஆங்கில நாட்டுக் கேம்பிரிட்ஜ் நகரத்தில் கிட், வெஸ்ட் என்னும் இரு அறிஞர்கள் முதல் உலகப்போரின் இறுதியில் தொடங்கிப் பல்லாண்டு ஆராய்ந்து, பிராணவாயுவைக் குறைத்துக் கரியமிலவாயுவைக் கூட்டினால் ஆப்பிள் நெடுங்காலம் கெடாதிருக்கும் என்று நிறுவினர். அதன் பயனாக 1929-ஆம் ஆண்டில் கெண்ட் மாவட்டத்தில் வணிக முறையிலான முதல் வாயுக் கிடங்கு எழுந்தது. ஸ்ட்ராபெரிக்கும் ராஸ்ப்பெரிக்கும் மற்றொரு நன்மையும் கிடைக்கிறது. காற்றில் கரியமிலவாயு 100-க்கு 10 முதல் 20 பங்கு வரை இருந்தால், முன்னர்க் கூறிய சாம்பல் நிறப் பூஞ்சணம் பெரிதும் அடங்கிவிடுகிறது. கலிபோர்னியா மாநிலத்திலிருந்து தொலைவிடம் செல்லும் ஸ்ட்ராபெரி அடுக்குகளை, நன்கு குளிரூட்டிய பின்னர், பெரிய பிளாஸ்டிக் உறையால் மூடி உள்ளே கரியமிலவாயுவைச் செலுத்தி அனுப்புவது இதன் பொருட்டே.

இங்கே சிறு கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். வெளிக்காற்றில் 100-க்கு 21 பங்கு பிராணவாயு. துளையற்ற பாலிதீன் உறைக்குள் அது 5 பங்காகக் குறைந்து நிலைபெற்றது என்று கொள்க, குறைவு 16. கரியமிலவாயு அத்தாளை நான்கு மடங்கு எளிதாகக் கடந்துவிடுவதால், உள்ளே அது 16-இல் நான்கில் ஒரு பங்கு, அதாவது 4 அளவிலேயே நிற்கும். பூஞ்சணத்தை அடக்க அது போதாது. ஆனால் தாளில் மிக நுண்ணிய துளைகளை இட்டால், இரு வாயுக்களும் அத்துளைகளின் வழியே ஏறத்தாழ ஒரே வேகத்தில் செல்லும். அப்பொழுது பிராணவாயு எவ்வளவு குறைகிறதோ, கரியமிலவாயு ஏறக்குறைய அவ்வளவு கூடும். பிராணவாயு 5 எனில் கரியமிலவாயு 16. ஸ்ட்ராபெரிக்கு வேண்டுவது இதுவே. இக்காரணம் பற்றியே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துளைகளை ஒளிக்கதிரால் இட்ட தாள்கள் மென்கனிகளுக்கென்று இன்று செய்யப்படுகின்றன. எத்தனை துளை என்பதைப் பழத்தின் எடையும் மூச்சும் நோக்கிக் கணித்தே இடுகின்றனர்.

அவ்வாறாயின் என் மாணவரின் பழம் ஏன் கெட்டது? இதற்கும் கணக்கே விடை கூறும். அவருடைய உறையில் கால் கிலோ பழமும் ஏறக்குறைய கால் லிட்டர் காற்றும் இருந்தன என்று கொள்வோம். அக்காற்றிலிருந்த பிராணவாயு சுமார் 50 மில்லிலிட்டர். கனி வெளியிடும் கரியமிலவாயுவின் அளவே அது ஏற்கும் பிராணவாயுவின் அளவுமாகும். 20 டிகிரியில் கால் கிலோ பழம் ஒரு மணிக்கு 12 முதல் 25 மில்லிலிட்டர் வரை பிராணவாயுவைச் செலவிடும். ஆகவே இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உள்ளிருப்பு முழுதும் தீர்ந்துவிடும். மதுரையின் பங்குனி வெயிலில் அதனினும் விரைவாகத் தீரும். தாளின் வழியே கசிந்து வருவது அச்செலவிற்கு ஈடாகாது. பிராணவாயு தீர்ந்த பின்னரும் கனி உடனே மடிவதில்லை. காற்றில்லாமலே தன் சர்க்கரையைச் சிதைத்து உயிர் வாழ முயல்கிறது. அதன் விளைவு சாராயச் சத்து. பெட்டியைத் திறந்ததும் வீசிய கள் நெடி, மூச்சுத் திணறிய கனியின் நெடியே.

அதே உறை 0 டிகிரியில் இருந்திருந்தால், உள்ளிருப்பு மட்டுமே ஒரு நாளளவு தாங்கியிருக்கும். அதற்குள் தாளின் கசிவும் ஓரளவு கைகொடுத்திருக்கும். வெம்மை 0-விலிருந்து 20 டிகிரிக்கு ஏறும்போது கனியின் மூச்சு பத்து மடங்கு ஏறுகிறது. பாலிதீன் தாளின் கசிவோ இரண்டு மூன்று மடங்குதான் ஏறும். நுண்துளைகளின் வழியே செல்லும் அளவோ பெரும்பாலும் மாறுவதே இல்லை. குளிருக்கெனக் கணித்துச் செய்த தாள், வெயிலில் கழுத்தை நெரிக்கும் கயிறாகிவிடும். ஆதலின், குளிரின்றி இறுக மூடுவதைவிடத் திறந்து வைப்பதே மேல். கூடையில் சென்ற பழம் வாடியது. ஆனால் மூச்சுத் திணறவில்லை. அண்டைத் தோட்டக்காரர்க்குப் பாதி விலையாவது கிடைத்ததன் காரணம் இதுவே.

உறையின் உட்புறம் படிந்திருந்த நீர்த்துளிகளும் இத்துடன் சேர்ந்து கேடு செய்தன. தாள் நீராவியை வெளியே விடாது. பகல் வெம்மையில் எழுந்த நீராவி, இரவில் சிறிது குளிர்ந்ததும் துளிகளாகப் படியும். குளிர்ந்த பழத்தை வெளியே எடுத்தவுடனும் இவ்வாறே வியர்க்கும். எனவே குளிர்ந்த பழத்தை இடையிடையே வெயிலுக்குக் கொணர்ந்து மீண்டும் குளிரில் வைத்தல், குளிரூட்டாமலே இருப்பதற்கு ஒப்பான தீங்காகும். குளிரின் சங்கிலி ஓரிடத்தில் அறுந்தாலும் அறுந்ததே.

திராட்சைக்கு முறை சற்றே வேறு. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதை நேயர்கள் அறிவீர்கள். திராட்சையின் மூச்சு ஸ்ட்ராபெரியினும் மெல்லியது. எனவே தொலைநாடுகளுக்குத் திராட்சை அனுப்புவோர், துளையிட்ட பாலிதீன் விரிப்பினுள் குலைகளை அடுக்கி, அவற்றின்மேல் கந்தக உப்புப் பொதிந்த தாள் ஒன்றை வைக்கின்றனர். உள்ளிருக்கும் ஈரம் பட்டு அத்தாளிலிருந்து கந்தக வாயு சிறிது சிறிதாக வெளிப்பட்டுப் பூஞ்சணத்தைத் தடுக்கிறது. 0 டிகிரிக் குளிரும் சேர்ந்தால் இரண்டு மூன்று திங்கள் வரை குலைகள் நன்றாக இருக்கும். அளவு மிகுந்தால் காம்பருகே நிறம் வெளுத்துவிடும். ஸ்ட்ராபெரியோ இக்கந்தக வாயுவைச் சற்றும் தாங்காது. ஒரு கனிக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சு.

குளிருக்கும் இவ்விதி பொருந்தும். வாழைப்பழத்தை 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் தோல் கறுத்துவிடுகிறது. மாங்காயும் ஏறத்தாழ அதே அளவுக்குக் கீழே சென்றால் ஒழுங்காகப் பழுப்பதில்லை. வெப்ப நாட்டில் தோன்றிய கனிகள் கடுங்குளிரைப் பொறுப்பதில்லை. ஸ்ட்ராபெரி, திராட்சை ஆகியவற்றிற்குச் சொன்னதைப் படித்துவிட்டு, வாழைச் சீப்பையும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள்.

குளிர் அறையும் குளிரூட்டிய ஊர்தியும் இல்லாத சிறு விவசாயி என் செய்வது? அவர்க்கும் வழியுண்டு. முதலாவது, கதிரவன் எழுந்து பனி உலர்ந்தவுடனே, வெயில் ஏறுமுன் பறித்துவிட வேண்டும். மலையின் குளிர்ந்த காலைப்பொழுது இயற்கை அளித்த குளிர் அறையாகும். இரண்டாவது, காம்பும் புல்லியும் நீங்காமல் பறித்து, ஆழமற்ற தட்டுகளில் இரண்டு அடுக்குக்கு மேற்படாமல் பரப்ப வேண்டும். நசுங்கிய பழத்தையும் பூஞ்சணத்தின் அறிகுறியுள்ள பழத்தையும் அவ்விடத்திலேயே விலக்க வேண்டும். மூன்றாவது, பறித்த பழத்தைக் கழுவக்கூடாது. நான்காவது, நிழலில் வைத்து, மாலையிலோ இரவிலோ மலையினின்று இறக்க வேண்டும். ஐந்தாவது, உறையிடுவதாயின் பெருந்துளைகளுள்ள பெட்டியையே கொள்ள வேண்டும். சூடு வைத்து ஒட்டுதல் கூடாது.

சமவெளியில் பழம் வைத்திருப்போர்க்கு, தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 1980-களில் பரப்பிய எளிய அறை ஒன்று உண்டு. செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, இரு சுவர்களுக்கும் இடையே 7.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அதில் ஆற்று மணலை நிரப்ப வேண்டும். காலையும் மாலையும் மணலையும் சுவரையும் நனைத்து, ஈரமான பாயால் மேலே மூட வேண்டும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால், கோடையில் உட்புறம் வெளியைவிட 10 டிகிரிக்கு மேலும் குளிர்ந்திருக்கும். ஈரப்பதமும் 90 விழுக்காட்டளவில் நிற்கும். மண்பானை நீர் குளிர்வதும் இவ்விதியாலேயே. மழைக்காலத்தில் காற்றே ஈரமாயிருப்பதால் பயன் குறையும். ஸ்ட்ராபெரிக்கு வேண்டிய 0 டிகிரியை இது தாராது. ஆயினும் கொய்யா, மா, தக்காளி ஆகியவற்றை மின்செலவின்றிச் சில நாள் காக்கும்.

வீட்டில் பழம் வாங்குவோர்க்கும் ஒரு சொல். கடையில் கட்டித் தரும் பையின் முடிச்சை வீடு சேர்ந்ததும் அவிழ்த்துவிடுங்கள். கெட்ட பழத்தை அகற்றுங்கள். மென்கனிகளை உலர்ந்த துணியோ தாளோ விரித்த தட்டில் பரப்பி, குளிர்சாதனப் பெட்டியில் தளர மூடி வையுங்கள். உண்ணும் வேளையில் மட்டும் கழுவுங்கள். கள் நெடி வீசும் பழத்தைக் குழந்தைகளுக்குக் கொடாதீர்கள்.

மற்றொன்றையும் கூறாது விட்டால் குறையாகும். பழம் உண்ணச் சில நாள். அதனைப் பொதிந்த தாள் மண்ணில் கிடப்பதோ பல்லாண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றிற்குத் தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு சனவரி முதல் தடை விதிக்கப்பட்டிருப்பதன் நோக்கம் இதனைத் தடுப்பதே. உறை ஒரு பழச்சுமையை உண்மையில் காக்குமாயின், அதற்கு இடமுண்டு. காக்காத உறையோ இரட்டை நட்டம்; பழமும் போயிற்று, குப்பையும் சேர்ந்தது. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவே கொள்ளுதல் அறிவுடைமை.

என் மாணவர் இவ்வாண்டு தம் அண்டைத் தோட்டத்தார் மூவருடன் கூடி, குளிரூட்டிய சிறு ஊர்தி ஒன்றை வாரம் இருமுறை வாடகைக்கு அமர்த்தியிருக்கிறார். விடியலில் பறித்து, துளையுள்ள பெட்டிகளில் இட்டு, முற்பகலுக்குள் ஊர்தியில் ஏற்றிவிடுகிறார். வாடகை சுமையாகத்தான் இருக்கிறது. பழம் ஒன்றுகூடத் திரும்பவில்லை என்று சொல்ல இயலாது. நசுங்கியவையும் பூஞ்சணம் பற்றியவையும் சில திரும்புகின்றன. ஆனால் சுமை முழுதும் திரும்பும் நிலை இல்லை. சென்ற திங்கள் என்னைக் காண வந்தபோது, “இப்பொழுதெல்லாம் தாளை வாங்குமுன் குளிரைப் பற்றித்தான் ஐயா யோசிக்கிறேன்” என்றார்.

அதுவே நான் கூற வந்ததும். கனி உயிருள்ளது, முதலில் அதனைக் குளிர்வித்து அதன் மூச்சைத் தணியுங்கள். பின்னர் அம்மூச்சுக்கு இடம் விட்டு மூடுங்கள்.